ஏறினவர்கள், இறங்கினவர்கள்

அவர் எண்ணும்போது உதடு அசையாது. வலது கையின் சுட்டுவிரல் மட்டும், இடுப்பு உயரத்தில், யாரும் கவனிக்காத மாதிரிக் காற்றைத் தட்டும். பூசை முடிந்து வெளியே வரும் சனம், பஸ் தரிப்பில் நிற்பவர்கள், எங்கள் வகுப்பில் கணினிகளுக்கு முன்னால் இருந்த ஒன்பது பேர், ஒருவரும் அந்த விரலுக்குத் தப்பியதில்லை. ஏன் அன்ரி சும்மா சும்மா எண்ணுறீங்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"சும்மா இல்ல மகள். எண்ணாட்டி எனக்குத் தலை இடிக்கும்."

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதியும் பிரயோசனமில்லை. கொட்டாஞ்சேனையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆட்கள் யோசிப்பார்கள். வேன் அன்ரி என்றால் மூன்று குறுக்கு ஒழுங்கைக்கு முன்னாலேயே கை காட்டுவார்கள். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர் அவர். வேனை ஓட்டியது வேறொருவர். இவருடைய வேலை கதவைத் திறப்பது, புத்தகப்பையை வாங்குவது, சண்டை விலக்குவது, எண்ணுவது. எண்ணி முடிந்ததும் வேனின் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. பிறகு "யமு மல்லி" என்பார், போவோம் தம்பி என்று சிங்களத்தில். அந்த இரண்டு தட்டு விழாமல் வண்டி ஓர் அங்குலம் நகராதாம்.

நாடே டீசலுக்கு வரிசையில் கிடந்த வருடத்தில் வேனும் படுத்தது. ஓட்டுநர் அதை விற்றுவிட்டு வெளிநாடு போனார். அன்ரிக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. அக்கா வீட்டு ஹோலில் ஒரு கட்டில், கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி.

"காலைல நாலரைக்கு முழிப்பு வரும். எண்ண ஒருத்தரும் இல்ல. கூரைத் தகட்டுல இருக்கிற ஆணிய எண்ணிட்டுப் படுத்திருப்பன். அப்படியே கிடந்திருந்தா நானும் ஒரு ஆணிதான்."

அப்படிக் கிடக்காமல் அவர் வந்து சேர்ந்த இடம் வெள்ளவத்தையில் எங்கள் ஸ்டூடியோ. காலி வீதியில் ஒரு சேலைக்கடைக்கு மேலே மாடி. கடற்கரைப் பக்கமாக ரயில் போனால் சுவரில் மாட்டியிருக்கும் மணமக்கள் எல்லோரும் ஒருமுறை நடுங்குவார்கள். நான் அங்கே ஆல்பம் வடிவமைப்பவள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, மூன்று டிப்ளோமா தொடங்கி ஒன்றரையை முடித்திருந்தேன். உலகத்திலேயே வேகமாக முகத்தில் பரு அழிக்கக்கூடியவள் நான்தான் என்பது என் நம்பிக்கை. முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்மாடியில் ஒரு வகுப்பு தொடங்கினார்: டிஜிட்டல் ஸ்க்ராப்புக், ஆறு ஞாயிறு. படங்களையும் துண்டு துணுக்குகளையும் கணினியில் ஒரு தாளில் ஒட்டுவது போல அடுக்கி, எழுத்து சேர்த்து, ஞாபகப் பக்கம் செய்யும் கலை. முதலாளி பேசுவார், நான் ஒவ்வொருவராக மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பேன்.

முதல் ஞாயிறு வந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் கையில் தொலைபேசி இருந்தது. அன்ரியின் கையில் ஒரு பெரிய சி.ஆர். கொப்பி இருந்தது, தடித்த அட்டை போட்டது, வயிறு வீங்கினது. திறந்தால் வருடத்துக்கு ஒரு பக்கமாக வேன் பிள்ளைகள். படம் ஒன்று, சுற்றிவர அவர்கள் விட்டுப்போன சாமான்கள்: தலை ரிபன், கழன்ற பள்ளிக்கூட பட்ஜ், யாரோ பென்சிலால் கீறிய யானைப் படம், கொழும்பு மழையில் ஊறிய ஒரு லீவுக் கடிதம். எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டியிருந்தார். பக்கத்தின் கீழ் மூலையில் இரண்டு எண். ஏறினது பதினேழு, இறங்கினது பதினேழு.

"இதைத்தான் நாங்கள் படிப்பிக்கப்போறம் அம்மா" என்றார் முதலாளி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையாகத்தான் அலுத்துக்கொள்வார். "நீங்கள் ஏற்கெனவே செய்துபோட்டியள்."

"இது கறையான் தின்னுது சேர். கம்பியூட்டர கறையான் தின்னுமா?"

"தின்னாது."

"அப்ப படிப்பியுங்க."

படிப்பிக்கத் தொடங்கினோம். மென்பொருளில் ஒரு படத்துக்கு மேல் இன்னொரு படம் வைக்கும்போது ஒவ்வொன்றும் தனித் தனி லேயராக இருக்கும். அதற்கு லேயர் ஒன்று, லேயர் இரண்டு என்று மென்பொருளே பெயர் வைத்துவிடும். மற்ற எட்டுப் பேரும் அதை அப்படியே விட்டார்கள். அன்ரி எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துப் பெயர் மாற்றினார். முன் சீட். நடு சீட். பின் சீட். எல்லாவற்றுக்கும் கீழே கிடந்த பின்னணித் தாளுக்கு டிக்கி.

"ஒருத்தர ஒருத்தர் மறைக்கிறார் என்டா இறக்கிவிடத் தேவையில்ல" என்று பக்கத்து மேசையில் இருந்த ஒரு நேர்சுக்கு அவரே விளக்கினார். "தள்ளி இருத்தினா சரி."

நேர்சுக்கு நான் அரை மணி நேரம் சொல்லி விளங்காதது அப்போது விளங்கியது. எனக்குக் கொஞ்சம் எரிந்தது.

நிழலும் அப்படித்தான். ஒட்டிய படம் தாளிலிருந்து எழும்பி நிற்பது போலத் தெரிய அதற்கு நிழல் போட வேண்டும். எல்லா நிழலும் ஒரே பக்கம் விழ வேண்டும். அன்ரியின் பக்கத்தில் ஒரு நிழல் மேலே, ஒரு நிழல் கீழே, ஏழு சூரியன் இருக்கும் ஊர் மாதிரி இருந்தது. பாகை, கோணம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் எழும்பி ஜன்னலுக்குப் போனார். மாலை நாலு மணி. ஒழுங்கை முடிவில் கடலுக்கு மேல் வெயில், கீழே போகிறவர்களின் நிழல் எல்லாம் காலி வீதியைப் பார்த்து நீண்டிருந்தது. திரும்பி வந்து இருந்தார்.

"வெளிச்சம் கடல் பக்கம். நிழல் காலி வீதிப் பக்கம். அவ்வளவுதானே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் போட்ட ஒரு நிழலும் வழி தவறவில்லை.

ஆனால் அழிப்பானை மட்டும் அவர் தொடவே மாட்டார். படத்தில் வேண்டாத பகுதியை அழிக்க ஒரு கருவி, மறைக்க ஒரு கருவி. மறைப்பதற்கு மாஸ்க் என்று பெயர். மறைத்தது அடியில் பத்திரமாக இருக்கும், வேண்டியபோது வரும். அழித்துச் சேமித்துவிட்டால் போனது போனதுதான். நான் அழிக்கிற கட்சி. வேகம் அங்கேதான் இருக்கிறது.

"அழிச்சா பிள்ள றோட்டுல நிக்கும் மகள். மாஸ்க் என்டா சீட்டுக்குக் கீழ ஒளிச்சிருக்குது. கூப்பிட்டா வரும்."

சீட்டுக்குக் கீழே ஒளித்திருந்த பிள்ளையின் கதை வகுப்பு முழுவதற்கும் தெரியும், அவர் மூன்று தடவை சொல்லியிருந்தார். ஒருநாள் பின்னேரம் பம்பலப்பிட்டியில் ஏறினது பதினேழு. கொட்டாஞ்சேனையில் கடைசி வீட்டில் இறக்கி முடிய விரல் பதினாறில் நின்றுவிட்டது. ஓட்டுநர் சத்தியம் பண்ணினாராம், எல்லோரும் இறங்கியாயிற்று, தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்ததாக. அன்ரி டிக்கியைத் திறந்து, சீட்டுகளுக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தார். பின் சீட்டுக்குக் கீழே, பைகளுக்குப் பின்னால், முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று காய்ச்சலோடு சுருண்டு நித்திரை.

"முகத்த எண்ணக்கூடாது. தலையைத்தான் எண்ணோணும். முகத்தப் பாத்தா விருப்பமானவங்கள ரெண்டு தரம் எண்ணிருவோம், மத்தவன் விடுபட்டுருவான்."

இப்போது கொட்டாஞ்சேனையில் அவருக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஞானஸ்நானம், முதல் நன்மை என்று தேவாலயச் சடங்குகளின் ஆல்பங்கள். எங்களோடு இரண்டு வருடம் இருந்துவிட்டுத்தான் போனார். கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு மட்டும் குரல்பதிவு ஒன்று வரும். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது அந்தக் கடை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரமும் அடுத்த நாள் சனிக்கிழமையும்தான்.

ஆறாவது ஞாயிறு ஆளுக்கொரு பக்கம் செய்து காட்ட வேண்டியிருந்தது. அன்ரி தன் கொப்பியிலிருந்து ரிபனையும் யானையையும் ஸ்கேன் பண்ணி, வேனின் திறந்த கதவைச் சட்டமாக வைத்து ஒரு பக்கம் செய்தார். முதலாளி அதை நெடுநேரம் பார்த்தார். எங்கள் அறையில் இரண்டாவது வடிவமைப்பாளரின் கதிரை மூன்று மாதமாக வெறுமையாக இருந்தது. சக்கரம் வைத்த நல்ல கதிரை. அன்ரியை நாங்கள் பிளாஸ்டிக் ஸ்டூலில் இருத்தியிருந்தோம்.

"ஒரு சாமத்தியச் சடங்கு ஆல்பம் வருது" என்றார் முதலாளி. "எங்கட இந்தப் பிள்ளை படங்களைத் துப்புரவாக்கித் தரும், நீங்கள் பக்கங்களைக் கட்டுங்கோ. அடுத்த சனிக்கிழமை வீட்டுக்காரர் பார்த்து ஓம் எண்டால் கதிரை உங்களுக்கு. இல்லையெண்டால் நான் வேறை ஆள் பாக்கோணும் அம்மா. குறை நினைக்கக்கூடாது."

அன்ரி அந்தக் கதிரையை ஒரு தடவை பார்த்தார். "நாளைக்கே வாறன் சேர்" என்றார். அடுத்த நாளே கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ் பிடித்து, நான் கதவைத் திறக்கத் திறப்போடு போவதற்கு முன்னால் படியில் குந்தியிருந்தார்.

பெரியபிள்ளையான பெண்ணுக்குச் செய்யும் சடங்கின் ஆல்பம் வெள்ளவத்தையில் சாதாரண விஷயமில்லை. பிள்ளை நீர்வீழ்ச்சிக்கு நடுவில் மிதக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சி பிள்ளையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சுவிஸ் மலையை நேரில் பார்த்திராத எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அதற்கு முன்னால் நின்றிருக்கிறார்கள், நன்றி எங்கள் ஸ்டூடியோவுக்கு. ஆனால் ஆல்பம் வீட்டுக்குப் போனதும் ஒருவரும் மலையைப் பார்ப்பதில்லை. சித்தப்பா தன்னைத் தேடுவார். மாமி தன்னைத் தேடுவா. காணாதவர் அடுத்த கொண்டாட்டத்துக்கு வரமாட்டார். ஓர் ஆல்பத்தால் ஆறு வருடம் கதைபேச்சு இல்லாமல் போன குடும்பம் எனக்குத் தெரியும்.

இதை நான் சொல்லித்தான் அன்ரிக்குத் தெரியும். அவர் கத்தோலிக்கர், சடங்கின் ஒழுங்கு ஒன்றும் அவருக்குப் பழக்கமில்லை. "யாரும் விடுபடக்கூடாது, அவ்வளவுதானே?" என்றார். அவருடைய முகம் வெளிச்சமானது. அவர் வாழ்க்கை முழுவதும் செய்த வேலையை யாரோ திரும்பக் கையில் கொடுத்தது போல.

கமராவின் கார்ட் வந்ததும் முதல் வேலையாக அதிலிருந்ததை அப்படியே தன் பென்டிரைவில் ஏற்றினார். கோப்புறைக்குப் பெயர்: ஏறினவர்கள். இன்னொன்று வெறுமையாகத் திறந்தார்: இறங்கினவர்கள். முடிந்த பக்கங்கள் அதற்குள் போக வேண்டும். பிறகு ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி, சி.ஆர். கொப்பியில் தலை எழுதினார். பெயர் தெரியாதுதானே, அதனால் அடையாளம். பச்சைச் சேலை, சிரிக்கமாட்டா. மீசை, பையில் ரெண்டு பேனா. காது குத்தாத குட்டி. மொத்தம் நூற்றுப் பதினெட்டுத் தலை.

"அன்ரி, இது சனத்தொகைக் கணக்கெடுப்பில்ல" என்றேன்.

"நீங்க உங்கட பருக்கள அழிங்க மகள்."

நான் அழித்தேன். இரண்டு நாளில் முந்நூறு படம். மின்விசிறி, வீடியோக்காரரின் வயர், தீயணைப்புக் குழாய், ஓரத்தில் அரைகுறையாக விழுந்த ஆட்கள், முழங்கைகள். ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். எல்லாவற்றையும் மூலப் படத்தின் மேலேயே சேமித்தேன். கமரா கார்ட்டைப் படப்பிடிப்பாளர் வெறுமையாக்கி அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோயிருந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நாற்பது பக்கமும் முடிந்தது. நான் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். அன்ரி ஒரு கையில் கொப்பியும் மற்றக் கை விரல் திரையிலுமாக இருந்தார்.

"ஒரு ஆள் குறையுது."

"நூற்றுப் பதினெட்டில ஒராள்தானே அன்ரி."

"பதினேழுல ஒராள் என்டாலும் ஒராள்தான்." கொப்பியைத் திருப்பினார். "எழுபத்து மூண்டு. சாம்பல் சேர்ட். ஒரு பக்கத்துலயும் இல்ல. நீங்க தந்த படத்துலயும் இல்ல."

எனக்கு ஞாபகம் வந்தது. ஓரங்களில் அடிக்கடி விழுந்த ஒரு மனிதர். வேட்டி இல்லை, சால்வை இல்லை, வேலைக்குப் போடும் சேர்ட். நான்தான் துடைத்தேன், ஆறு படத்தில். "அவர் ஹோல்காரர் அன்ரி. லைட் போடுறவர்."

அன்ரி ஏறினவர்கள் கோப்புறையைத் திறந்தார். ஒரு படத்தைப் பெரிதாக்கினார். மணவறையில் பிள்ளை சிரிக்கிறாள். தூரத்தில், தூணுக்குப் பக்கத்தில், சாம்பல் சேர்ட் போட்டவர் புறங்கையால் கண்ணைத் துடைக்கிறார்.

"லைட் போடுறவர் ஏன் மகள் அழுவுறார்?"

கேட்டுவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போனார். பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கிற இடம். படத்தின் வலது ஓரத்தில் ஒரு சாம்பல் நிறக் கை, மணிக்கட்டு வரைக்கும். கையில் அப்போதுதான் உடைத்த தேங்காயின் பாதி.

தேத்தண்ணியை மேசையில் வைத்தேன். எங்கள் சடங்கில் தாய்மாமன் தேங்காய் உடைத்தால்தான் பிள்ளையின் தலையில் தண்ணீர் விழும். என் சடங்கில் என் மாமா உடைத்த தேங்காய் மூன்றாகச் சிதறியதை வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அதெல்லாம் தெரிந்த நான், ஓரம் அசிங்கமாக இருக்கிறது என்று தாய்மாமனின் கையைத் துடைத்து, அந்த இடத்தில் வாழை இலை வளர்த்திருந்தேன். சடங்கைப் பற்றி ஒன்றும் தெரியாத மனுஷி கண்டுபிடித்தார்.

"அன்ரி, அவர் மாமா. பிள்ளையின்ர அம்மாவின்ர சகோதரம். இவர் இல்லாமல் ஆல்பம் போனால் வீட்டில வெட்டுக்குத்து நடக்கும்."

"நான் அப்பவே சொன்னன்தானே, ஆள் குறையுது என்டு" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வழக்கம்போல நான் வேகமாக யோசித்தேன். "முகத்தை வெட்டி எடுப்பம். வேட்டி கட்டின உடம்பு ஒண்டு இருக்கு, அதில பொருத்தி மணவறைக் குழுப்படத்தில நிப்பாட்டிவிடலாம். இருபது நிமிஷம்."

"வேணாம்."

"ஒருத்தருக்கும் தெரியாது அன்ரி."

"அந்த ஆளுக்குத் தெரியும். அவர் அங்க ஏறவே இல்ல. ஏறாத இடத்துல ஏத்தக்கூடாது."

அவர் புதிதாக ஒரு பக்கம் திறந்தார். டிக்கியில் ஒரு பழுப்பு நிறத் தாளை விரித்தார். ஆறு படங்களையும் ஏற்றி, மாஸ்க் போட்டு, பிள்ளையையும் மணவறையையும் மறைத்து, நான் துடைத்த ஓரங்களை மட்டும் வெளியே விட்டார். தேங்காய்ப் பாதி பிடித்த கை. தோள். தூணுக்குப் பின்னால் அரை முதுகு. பூத்தட்டுப் பிள்ளைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கும் கால். கதவோரம் நிற்கும் உருவம். கண்ணைத் துடைக்கும் புறங்கை, அதற்குப் பின்னால் பாதி முகம். கிழித்த தாள் விளிம்பு போட்டு ஒன்றோடொன்று சேர்த்து அடுக்க அடுக்க, ஆறு படங்களின் விளிம்பில் சிதறிக் கிடந்த மனிதர் ஒரு பக்கத்தின் நடுவில் முழு ஆளாக எழும்பினார். நிழல் எல்லாம் காலி வீதிப் பக்கம். நான் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் இருந்து, எழுத்துரு மட்டும் தேடிக்கொடுத்தேன். கீழே என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"ஒண்டும் வேணாம். தேங்காய் இருக்குதானே."

சனிக்கிழமை காலை முதலாளி பார்த்தார். இருபத்து மூன்றாம் பக்கம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"என்னம்மா இது, கையும் காலுமாய்? வெட்டிப்போட்டு மிஞ்சின துண்டு மாதிரிக் கிடக்கு. சேர்ட்டும் ஊத்தை. வீட்டுக்காரர் பேசுவினம். இதை எடுங்கோ."

"எடுத்தா ஆள் குறையும் சேர்."

"ஒரு படத்தில ஓரமாய் விட்டால் போதும்தானே?"

"ஓரமா விட்டதாலதான் இவ்வளவும் வந்தது."

நான் வாயைத் திறந்தேன், அது என்னுடைய பிழை என்று சொல்ல. அன்ரி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

முதலாளி வெறும் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். "உங்கட விருப்பம். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவையள் முகம் சுளிச்சால் கதிரை இல்லை."

"சரி சேர்" என்றார் அன்ரி. கதிரையைப் பார்க்கவில்லை. விரல் மட்டும் மடியில் தட்டிக்கொண்டிருந்தது. அறையில் இருந்தது மூன்றே பேர். அவர் எத்தனை தடவை எண்ணினாரோ.

நாலு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார்கள். அம்மா, அப்பா, பிள்ளை, அப்பாவின் அக்கா. பெரிய திரைக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினோம். நான் முதல் பக்கத்தைத் திறக்கப் போக, அன்ரி கையைப் பிடித்தார்.

"பொறுங்க. படியில அஞ்சு பேர்ட செருப்புச் சத்தம் கேட்டது. நாலு பேர்தான் உள்ள."

"அது அண்ணா" என்றார் அம்மா. "வரமாட்டன் எண்டவர், நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான். படியில நிக்கட்டும், அவருக்கு இதெல்லாம் கூச்சம்."

அன்ரி கதவுக்குப் போனார். "ஐயா, உள்ள வாங்க. ஆள் குறையுது, தொடங்கேலாது."

வந்தார். வெள்ளைச் சேர்ட், அயர்ன் பண்ணியது. கதவோரமாகவே நின்றார், படங்களில் நின்ற அதே மாதிரி.

பக்கங்கள் போயின. நீர்வீழ்ச்சி, வண்ணத்துப்பூச்சி, சுவிஸ் மலை. அப்பா தன்னைக் கண்டார். பிள்ளை தன் சிநேகிதிகளை எண்ணினாள், சரியாக இருந்தது. அப்பாவின் அக்கா தன்னை நாலு இடத்தில் கண்டுபிடித்து, நாலிலும் குறை சொன்னார்.

"இதில கண் மூடியிருக்கு. இதில என்னைக் குண்டாக்கிப் போட்டியள்."

"இல்லை, அது லென்ஸ்" என்றேன்.

"லென்சுக்கு என்னில என்ன கோபம்?" என்றவர், இருபத்திரண்டாம் பக்கம் வந்ததும் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் இருக்கினம். உன்ர அண்ணனைத்தான் ஒரு இடத்திலும் காணேல்லை. வந்தவரோ எண்டே ஆக்கள் கேப்பினம்."

அம்மா கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கதவோரம் நின்றவர் கீழே பார்த்தார்.

நான் அடுத்த பக்கத்தைத் திறந்தேன்.

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது. சுவரில் படங்கள் நடுங்கி அடங்கின. முதலாளி தொண்டையைச் செருமினார், மன்னிப்புக் கேட்கத் தயாராகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணா" என்றார் அம்மா, திரும்பாமலே. "இஞ்ச வந்து பாருங்கோ."

அவர் வந்தார். திரைக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று, தேங்காயைத் தொட்டார்.

"இது என்ர கை."

"ஓம் மாமா" என்றாள் பிள்ளை. "எல்லாமே நீங்கள்தான்."

"ஒருகொடவத்தைக் கொண்டெய்னர் யார்டில என்ர லொறி சிக்கிப்போச்சு" என்று அவர் எங்களுக்குச் சொன்னார், யாரோ கேட்டது போல. "கொண்டெய்னர் இறக்க விடேல்லை. மாத்துடுப்பு வீட்டில. நேரம் தப்பப்போகுது எண்டு அப்பிடியே ஓடி வந்து உடைச்சனான். பிறகு இந்தச் சேர்ட்டோட மேடையில ஏறினால் பிள்ளையின்ர படம் பழுதாகும் எண்டு..."

"இதுக்குத்தான் பயந்துகொண்டு வந்தனான்" என்றார் அம்மா. "அண்ணா ஒண்டிலும் இருக்கமாட்டார் எண்டு. ஆர் செய்தது இதை?"

முதலாளி அன்ரியைக் காட்டினார்.

"இதைப் பின்னுக்கு வைக்காதையுங்கோ" என்றாள் பிள்ளை. "முதல் பக்கத்துக்குப் போடுங்கோ. மலை பிறகு வரட்டும்."

அப்பாவின் அக்கா திரைக்குக் கிட்ட வந்து, கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் பார்த்தார். "வடிவாய்த்தான் கிடக்கு" என்றார். பிறகு, "எனக்கும் இப்பிடி ஒண்டு செய்யலாமோ?"

அவர்கள் இறங்கிப் போகும்போது அன்ரி படியின் தலைப்பில் நின்றார். விரல் ஐந்து தடவை தட்டியது. உள்ளே வந்தபோது முதலாளி சக்கரக் கதிரையை மேசைக்கு முன்னால் தள்ளிவிட்டிருந்தார்.

"திங்கக்கிழமை ஒன்பது மணி அம்மா. ஏழரைக்கு வந்து படியில குந்தக்கூடாது."

"சரி சேர். எட்டுக்கு வாறன்."

அவர் அந்தக் கதிரையில் இருந்தார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சி.ஆர். கொப்பியைத் திறந்து எழுபத்து மூன்றாம் வரியில் சாம்பல் சேர்ட் என்பதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே மாமா என்று எழுதிச் சரி அடையாளம் போட்டார். பக்கத்தின் கீழ் மூலையில் இரண்டு எண்: ஏறினது நூற்றுப் பதினெட்டு, இறங்கினது நூற்றுப் பதினெட்டு.

ஆல்பத்தை அச்சகத்துக்கு அனுப்பும் பொத்தானில் என் விரல் இருந்தது. நான் அழுத்தவில்லை, அவரைப் பார்த்தேன்.

அன்ரி கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"யமு" என்றார்.